“கீலுக்கு அடியிலிருந்து முட்டு கொடும்மா!” - புயலில் சாய்ந்த வேப்பமரம் தோட்டத்துக் கேட் ஆன கதை

காணும் பொங்கல் அன்று திண்டிவனத்தில் மகள் வீட்டு வாசலில் வந்து இறங்கிய அப்பா, அவரைப் பந்தலைப் பார்க்கவில்லை. பூத்து நின்ற செம்பருத்தியையும் பார்க்கவில்லை. நேராகத் தரையைப் பார்த்தார்.

தோட்டத்துக் கேட் திறந்து மூடும் இடத்தில், மண்ணில் கால்வட்டமாக ஒரு பள்ளக்கோடு. கேட் தரையில் உரசி உரசி விழுந்த கோடு அது. அப்பா தன் இடது காலை கேட்டுக்கு அடியில் கொடுத்து லேசாகத் தூக்கினார். கேட் சுலபமாக நகர்ந்தது. காலை எடுத்தார். ‘டொக்’கென்று மறுபடியும் மண்ணில் உட்கார்ந்துகொண்டது.

“சாய்வு எந்தப் பக்கம் வெச்ச?”

மகளுக்குக் கேள்வியே புரியவில்லை. “அது... வீடியோல ஒரு குறுக்குச் சட்டம் வெச்சிருந்தாங்கப்பா. நானும் ஒண்ணு அடிச்சேன்.”

அப்பா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். திட்டியிருந்தால்கூட மகளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முதல் கேட்டின் கதை

திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் அலுவலக வேலை பார்க்கிறார் மகள். வயது 43. கணவருக்கு லாரி ஓட்டும் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூன்று சென்ட் இடத்தில் கத்தரி, வெண்டை, முருங்கை, அவரை என்று போட்டு வைத்திருக்கிறார். போன ஆடிப்பட்டத்தில் விதை போட்டபோதுதான் ஆடுகளுக்காக ஒரு கேட் தேவைப்பட்டது.

இரும்பு கேட்டுக்கு விலை கேட்டார். கட்டுப்படியாகவில்லை. இயந்திரங்கள் வரும் பேக்கிங் பெட்டிகளைப் பிரித்த பலகை மலிவாகக் கிடைத்தது. இரண்டு சவுக்குக் கம்பங்களை நட்டு, பலகைகளை ஆணியடித்துக் கோத்து, இரண்டு சின்னக் கீலில் மாட்டிவிட்டார். மாட்டிய அன்றைக்கு அவருக்குப் பெருமை தாங்கவில்லை. போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அண்ணன் பெங்களூரிலிருந்து கைதட்டும் பொம்மை அனுப்பினார். அப்பாவிடமிருந்து பதில் இல்லை.

ஐப்பசி மழையில் பலகை ஊறிப் பருத்தது. கார்த்திகையில் தாழ்ப்பாள் பக்கம் இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. கொண்டி நாதாங்கிக்குள் போகவில்லை. ஒரு நாள் பள்ளிக்குப் போகும் அவசரத்தில் கேட்டைப் பாதி மூடியபடியே விட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால், கத்தரியில் நான்கு குச்சிகள் மட்டும் மிச்சம்.

அதற்குள்ளேயே சிரிப்பதா அழுவதா என்ற இன்னொரு சங்கடமும் இருந்தது. ஏனென்றால் அப்பா ஒரு தச்சர். விழுப்புரத்தில் நாற்பது வருடங்களுக்கு மேல் நிலையும் கதவும் செய்தவர். அவர் வைத்த நிலைவாசலுக்கு மஞ்சள் குங்குமம் பூசிப் பூஜை செய்துதான் எத்தனையோ வீடுகளில் சுவர் எழும்பியது. அவருடைய மகள் செய்த கேட் நாலு மாதம் தாங்கவில்லை!

ஆனால், அப்பா மகளுக்குத் தொழிலைச் சொல்லிக் கொடுத்ததே கிடையாது. சின்ன வயதில் பட்டறையில் மகளுக்கு இருந்த ஒரே வேலை, இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக விழும் சீவலைக் கூடையில் அள்ளிக்கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போடுவது. உளியைத் தொட்டால் “கைய வெட்டிக்குவ, போ” என்பார். அண்ணனுக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். அண்ணன் கம்ப்யூட்டர் படிக்கப் போய்விட்டார்.

நான்கு வருடங்களுக்கு முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது. பேச்சும் தெளிந்துவிட்டது. வலது கை மட்டும் திரும்பவில்லை. காபி டம்ளரைக்கூட இடது கையால்தான் பிடிக்கிறார். அன்றைக்கு மூடிய கருவிப் பெட்டியை அப்புறம் அவர் திறக்கவில்லை.

விழுந்த மரம்

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் யாரும் அந்த மூன்று நாட்களை மறக்க மாட்டார்கள்.

அப்பா வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். மாடியிருந்த பக்கத்து வீட்டில் இரண்டு இரவு தங்கினார். தண்ணீர் வடிந்து திரும்பிப் பார்த்தபோது, கொல்லைப்புறத்தில் அம்மா வைத்து வளர்த்த வேப்பமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அம்மா இறந்து அப்போது ஆறு வருடங்கள்.

“அப்பா, போதும். இங்க வந்துடுங்க” என்று அன்றைக்கும் அழைத்தார் மகள். அதற்கு முன்பும் பல தடவை அழைத்திருக்கிறார்.

“ஒரு கை இல்லாதவன் வந்து உன் வீட்ல என்னா பண்ணப் போறேன்? உனக்குப் பாரமா உக்காந்துக்கினு இருக்கணுமா?” என்பதுதான் ஒவ்வொரு தடவையும் பதில்.

சாய்ந்த மரத்தை விறகுக்குக் கேட்டு ஆள் வந்தது. அப்பா கொடுக்கவில்லை. மர அறுவை மில்லுக்கு அனுப்பி, பலகையாகவும் சட்டமாகவும் அறுத்துக் கொண்டுவந்தார். ஒன்றேகால் அங்குலத்தில் சட்டங்கள், முக்கால் அங்குலத்தில் பலகைகள். கொல்லைக் கொட்டகையில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் செங்கல் வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ரீப்பர் துண்டுகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னார். பலகைகளின் இரண்டு முனைகளிலும் பழைய பெயின்ட்டைப் பூசினார். முனை வழியாக ஈரம் சீக்கிரம் வெளியேறினால் பலகை அங்கிருந்துதான் வெடிக்கும்.

“எதுக்குப்பா இவ்ளோ பலகை?” என்று கேட்டதற்கு, “காயட்டும்” என்றார். அவ்வளவுதான்.

வெட்டிய மரத்தை வெயிலில் போட்டுக் காய வைக்கக் கூடாது. முறுக்கிக்கொள்ளும். நிழலில், காற்று போய்வரும் இடத்தில், ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய தச்சர்களின் கணக்கு. ஒன்றேகால் அங்குலச் சட்டத்துக்கு 15 மாதம்.

அந்த இடைவெளியில் பேரனைப் பள்ளியிலிருந்து திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் இடம் அது. போய்வந்த பேரன் போனில் தாத்தாவிடம் கதை சொன்னான். அங்கே கிடக்கிற மரங்களுக்கு வேரும் இல்லை, கிளையும் இல்லை. வேறெங்கோ இருந்த மரங்களை வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மண்ணில் புதைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

“அப்பவும் வெள்ளம்தானா?” என்றார் தாத்தா. “நம்ம மரம் கல்லாவறதுக்குள்ள எதாச்சும் பண்ணணும்டா.”

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள்

காணும் பொங்கல் முடிந்து ஒரு மாதம் கழித்து அப்பாவிடமிருந்து போன். “பலகை காஞ்சிடுச்சி. ஞாயித்துக்கிழமை வா. பழைய புடவையோ சுடிதாரோ எடுத்துக்கினு வா.”

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். மகள் காலை பஸ்ஸில் போய் இறங்கியபோது கருவிப் பெட்டி திண்ணையில் திறந்திருந்தது. வெள்ளத் தண்ணீர் புகுந்த பெட்டி. உளியெல்லாம் துருப்பிடித்துச் சிவந்து கிடந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையின் பாதி, உப்புத்தாளும் தேங்காய் எண்ணெயும் வைத்துத் துருவைத் தேய்ப்பதிலேயே போனது. சாணைக்கல்லில் உளியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்பதை அப்பா வாயால் சொன்னார். மகள் பிடித்தார். தப்பாகப் பிடித்தபோது அப்பாவின் இடது கை வந்து மகளின் மணிக்கட்டைத் திருப்பிவிட்டது.

பிறகு மரம் பொறுக்குதல். வேம்பின் நடுப்பகுதி சிவந்து வைரம் பாய்ந்திருக்கும். அந்தக் கசப்புக்குக் கரையான் லேசில் வராது. ஓரத்தில் இருக்கும் வெளிறுக்கு அந்தப் பலம் கிடையாது. “வெளிற கழிச்சிடு. பாக்கத்தான் பலகை அகலமாத் தெரியும், மொதல்ல உளுத்துப்போறது அதான்.”

இரண்டு தூண்களுக்கு நடுவே நாலு அடி, அதாவது 48 அங்குலம். கேட்டின் அகலம் 47 அங்குலம். கீல் பக்கம் அரை, தாழ்ப்பாள் பக்கம் அரை அங்குலம் இடைவெளி. மழைக்காலத்தில் மரம் பருக்க இடம் வேண்டும் அல்லவா? உயரம் 42 அங்குலம். தரைக்கும் கேட்டுக்கும் மூன்று அங்குலம். “மண்ணு ஏறும்மா. ஒவ்வொரு மழைக்கும் ஏறும். இன்னிக்கு இருக்கிற தரைய நம்பி கேட்டு செய்யக் கூடாது.”

இரண்டாவது ஞாயிறு, சட்டம் கூட்டுவது. நான்கு சட்டங்களும் சேரும் மூலைகளில் ஒவ்வொன்றிலும் பாதிக் கனத்தை வெட்டியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்று சமமாக உட்கார வைக்க வேண்டும். முதல் மூலையை வெட்டும்போது மகள் அவசரப்பட்டுக் கோட்டைத் தாண்டி அறுத்துவிட்டார். இணைப்பு ஆடியது. அப்பா பார்த்தார். “வேற சட்டம் எடு” என்றார். மரம் வீணாகிவிட்டதே என்று மகள் தயங்கினார். “நான் கத்துக்கும்போது எங்கப்பா தேக்குல பண்ணேன் இந்தத் தப்ப. நீ வேம்புலதான பண்ண. எடு.”

சட்டம் கூடியதும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தார்கள். அது போதாது என்றார் அப்பா. மூலைக்கு மூலை குறுக்கே இன்ச் டேப்பைப் பிடிக்கச் சொன்னார். ஒரு பக்கம் 63 அங்குலம். மறுபக்கம் அறுபத்து மூன்றேகால். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் சதுரம் தப்பாமல் இருக்கிறது என்று அர்த்தம். நீளமாக இருந்த மூலையில் மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு. இப்போது இரண்டும் 63.

அரிசி சிப்பம் சொன்ன பாடம்

மூன்றாவது ஞாயிறு. சாய்வுச் சட்டம் வைக்க வேண்டும். பொங்கலன்று கேட்ட கேள்வியை அப்பா மறுபடியும் கேட்டார். “எந்தப் பக்கம்?”

மகளுக்கு இன்னும் தெரியவில்லை. அப்பா பேரனிடம் உள்ளேயிருந்த 25 கிலோ அரிசி சிப்பத்தை எடுத்துவரச் சொன்னார். “இந்தக் கேட்டும் ஏறக்குறைய இவ்ளோ கனம்தான் வரும். கைய நீட்டி இதப் புடி, பாக்கலாம்.”

நீட்டிய கையில் எப்படி நிற்கும்? இரண்டு விநாடியில் தோள் இறங்கிவிட்டது.

“கேட்டு அப்படித்தான் தெனம் நிக்குது. தூண் ஒரு பக்கம்தான் புடிக்குது. மீதியெல்லாம் அந்தரத்துல. மேல் கீல வெளிய இழுக்கும், கீழ் கீல உள்ள தள்ளும். தாழ்ப்பாள் பக்கம் கீழ வரப் பாக்கும். செவுரு சாஞ்சா என்னா பண்ணுவ?”

“முட்டு கொடுப்போம்.”

“முட்டோட அடி எங்க இருக்கும்?”

மகளுக்குப் புரிந்தது. தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலைதான் இறங்கப் பார்க்கிறது. அதைத் தாங்கும் முட்டு, கீல் பக்கத்துக் கீழ் மூலையிலிருந்து கிளம்பி மேலே போக வேண்டும். அப்போது தொங்குகிற பாரம் சட்டத்தின் வழியாகச் சாய்ந்து இறங்கிக் கீழ்க் கீலுக்கு வந்து, அங்கிருந்து தூணுக்குப் போய்விடும். மரம் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும்.

முதல் கேட்டில் அவர் வைத்தது இதற்கு நேர் எதிர். மேல் கீலிலிருந்து கீழே தாழ்ப்பாள் பக்கத்துக்கு. அந்தச் சட்டம் பாரத்தைத் தாங்கவில்லை. பாரம் அதை இழுத்தது. இழுத்த இழுப்பு முழுவதும் முனையில் இருந்த இரண்டு ஆணிகளின் மேல் விழுந்தது. ஆணி தளர்ந்தது. கேட் இறங்கியது. இரும்புக் கம்பியோ ஒயரோ கட்டுவதாக இருந்தால் அந்தத் திசைதான் சரி. கம்பி இழுப்பைத் தாங்கும். மரத்துக்கு மற்றது.

“பாரம் இருக்கறது தப்பு இல்லம்மா. எந்தக் கேட்டுக்கும் பாரம் உண்டு. அது எங்க போய் எறங்குதுன்னு பாத்து வெக்கணும், அவ்ளோதான்.”

சொல்லிவிட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. மகளும் பேசவில்லை. பேரன்தான், “தாத்தா, அரிசிய உள்ள வெச்சிடவா?” என்று கேட்டான்.

சாய்வுச் சட்டத்தின் இரண்டு முனைகளையும் மூலையின் கோணத்துக்கு வெட்டி, நூலளவுகூட இடைவெளி இல்லாமல் முட்டி உட்கார வைத்தார்கள். அங்கே சந்து இருந்தால், அந்தச் சந்து மூடும் வரை கேட் இறங்கும். பிறகு மேலே 10 பலகைகள், நாலு அங்குல அகலம், நடுவே முக்கால் அங்குல இடைவெளி. காய்ந்த வேம்பு கெட்டி; நேராக ஸ்க்ரூ ஏற்றினால் பிளந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் முதலில் சின்ன டிரில்லில் துளை, அப்புறம் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ. பலகையின் மேல்முனைகளைத் தண்ணீர் நிற்காமல் வழியும்படி சாய்வாக அறுத்தார்கள்.

கடைசியாக, பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வாங்கிவந்த முந்திரிக்கொட்டை எண்ணெய். மீனவர்கள் படகு மரத்துக்குப் பூசுவது இதைத்தான். பூச்சி அண்டாது, தண்ணீர் இறங்காது. ஆனால் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். “க்ளவுஸ் போடாம தொடாத. மரம் கறுத்துடும், அழகு கொஞ்சம் கொறையும். பரவால்ல.” பலகைகளின் முனைகளில் மட்டும் இரண்டு தடவை கூடுதலாகப் பூசச் சொன்னார். மரம் தண்ணீர் குடிக்கும் வாய் அதுதான்.

குட்டியானையில் வந்த கேட்

அந்த வாரமே திண்டிவனத்தில் கொத்தனார் வந்து பழைய சவுக்குக் கம்பங்களைப் பிடுங்கினார். மண்ணுக்குள் இருந்த பகுதி கையில் பிட்டுக்கொண்டு வந்தது. அதற்குப் பதிலாக ஏழு அடிக் கருங்கல் தூண்கள் இரண்டு. இரண்டரை அடி மண்ணுக்குள், சுற்றிலும் கான்கிரீட். தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்து நிறுத்தி, ஒரு வாரம் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார் அப்பா, போனிலேயே.

நான்காவது ஞாயிறு கேட் குட்டியானையில் ஏறியது. டிரைவர் பக்கத்தில் அப்பா. பின்னால் கேட்டைப் பிடித்தபடி பேரன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, “என்னா மரம் பெரியவரே?” என்று கேட்டாராம். “வேம்பு. வீட்டு மரம்” என்ற அப்பா, “எம்பொண்ணு செஞ்சது” என்றும் சொன்னாராம். இது மகளுக்குப் பிறகு பேரன் சொல்லித்தான் தெரியும்.

தூணில் துளையிட்டு இறக்கியிருந்த முளைக்கம்பிகளில் பட்டைக் கீலின் வளையங்களை மாட்ட வேண்டும். கேட்டுக்கு அடியில் மூன்று அங்குல மரத்துண்டு வைத்து நிறுத்தினார்கள். தாழ்ப்பாள் பக்கம் மட்டும் கால் அங்குலம் தூக்கி மாட்டச் சொன்னார் அப்பா. “புதுசு. கொஞ்சம் உக்காரும். உக்காந்தப்புறம் சரியா இருக்கணும்.”

மரத்துண்டுகளை எடுத்தார்கள். மகள் ஒற்றை விரலால் தள்ளினார். சத்தமில்லாமல் போய், கொண்டி நாதாங்கியில் விழுந்தது.

தூணுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு எலுமிச்சை நறுக்கி, கற்பூரம் காட்டினார் மகள். “கேட்டுக்கெல்லாமா?” என்று சிரித்தார் அப்பா. ஆனாலும் இடது கையால் தொட்டுக் கும்பிட்டார்.

அன்றைக்காவது தங்குவார் என்று மகள் எதிர்பார்த்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். பேரன் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். மகளுக்கு முகம் வாடிப்போனது.

அடுத்த சனிக்கிழமை காலையில் கொண்டி சத்தம் கேட்டு வெளியே வந்தார் மகள். கையில் ஒரு துணிப்பையோடு அப்பா, கேட்டுக்குப் பக்கத்தில் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு எதுவும் இல்லை.

“எறங்கியிருக்கான்னு பாக்க வந்தேன்” என்றார். “ஒரு மழைக்காலம் பாத்தாத்தான் சொல்ல முடியும்.”

பையில் இரண்டு வேட்டி, நான்கு சட்டை, மாத்திரை டப்பா. அதற்கு அடியில், எண்ணெய் தடவித் துணியில் சுற்றிய இழைப்புளி.

மழைக்காலத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.